நிலை அறிக்கை

ரியேகா துறைமுகத்துக்கு மேலே
ஆற்றோரம் பழைய காகித ஆலை.
இயந்திரங்களை இரும்பு விலைக்குப் போட்டாயிற்று.
மிச்சமிருந்த உயரமும் ஈரமும்
கண்காட்சிக்குப் போதுமென்று
நகராட்சி சொல்லிவிட்டது.

பதினான்கு நாடுகளிலிருந்து பெண்கள்
தங்கள் உடம்பைப் பற்றி அனுப்பிய பெட்டிகள்.
ஸ்மில்யானாவின் வேலை அவற்றைப் பார்ப்பது.
ரசிப்பதல்ல. பார்ப்பது.
கையில் டார்ச், பருத்திக் கையுறை,
மூன்று பிரதிகளில் ஒரு படிவம்:
விரிசல் உண்டா, கறை உண்டா,
எந்தப் பகுதி காணவில்லை,
பழுது பயணத்தில் நேர்ந்ததா, முன்பே இருந்ததா.

முதல் பெட்டி நைரோபியிலிருந்து.
அவூர் அனுப்பிய கண்ணாடிகள், இருபது.
எல்லாவற்றையும் தொப்புள் உயரத்தில்
மாட்டச் சொல்லியிருக்கிறாள்.
யாருக்கும் முகம் தெரியாது.
"யாருடைய தொப்புள்?" என்று
ஆணி அடிக்க வந்தவன் கேட்டான்.
அரை நாள் அதிலேயே போனது.

இரண்டாவது எல்லையில் நிற்கிறது.
ஜார்ஜியாவிலிருந்து நுத்ஸா,
அறுபது காலைகளில்
தன் பெயரைத் தானே சொல்லிப் பதிந்த ஒலிநாடா.
பெட்டியின் மேல் அந்தப் பெயர்.
கடவுச்சீட்டில் வேறு, ஓர் ஆணுடையது.
அனுப்பியவர் யார் என்கிறது சுங்கம்.
"உள்ளேதான் இருக்கிறாள், போட்டுக் கேளுங்கள்"
என்றாள் ஸ்மில்யானா தொலைபேசியில்.
போட்டுக் கேட்டார்களா தெரியாது.
வியாழக்கிழமை பெட்டி வந்தது,
முத்திரை கொஞ்சம் கோணலாக.

ஹெல்சிங்கியின் உப்பு இடுப்பெலும்பு
ஆலையின் ஈரத்தில் மினுங்கத் தொடங்கியிருந்தது.
"வியர்க்கிறது" என்று எழுதினாள்.
இயக்குநர் அடித்துவிட்டு
"ஈரப்பதக் கசிவு" என்று திருத்தினார்.

ஏழாவது, மொந்தெவிதேயோ.
சாந்து வார்ப்பு, கழுத்திலிருந்து இடுப்புவரை.
வலப்பக்கம் ஒரு மார்பு.
இடப்பக்கம் ஒரு கோடு,
அவசரத்தில் தைத்த சாக்குப்பை வாய்போல.
இடது: இல்லை,
என்று எழுதிப் பேனா நின்றது.

காப்பீட்டு நிறுவனத்துக் க்ரெஷோவுக்கு
வெறும் "இல்லை" போதாது.
பயணத்தில் உடைந்ததென்றால் பணம்,
முன்பே என்றால் ஒன்றுமில்லை.
நடுவில் கட்டம் கிடையாது.
நெல்லி எச்செவெரிக்குக் கடிதம் போனது.
மறுநாளே பதில்:
"பயணத்தில்தான். நூற்று நான்காம் எண் பேருந்து,
ஆஸ்பத்திரி நிறுத்தம், எண்பத்தேழு ஜூன்.
எவ்வளவு தருவார்கள்?"

க்ரெஷோ சிரிக்கவில்லை. பிறகு சிரித்தான்.
பிறகு தன் அக்காவைப் பற்றி
ஏதோ சொல்ல வாயெடுத்து
லாரியை எங்கே நிறுத்துவது என்று கேட்டான்.

என் மொழியில் ஊறு என்றொரு சொல்.
தொடுகைக்கும் அதுதான், சேதத்துக்கும் அதுதான்.
ஸ்மில்யானாவுக்கு அது தெரியாது.
ஆனாலும் அன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு
விதிக்கு மாறாகக் கையுறையைக் கழற்றி
அந்தக் கோட்டின்மேல் ஒரு விரல் வைத்தாள்.
சாந்து குளிர்ந்திருந்தது.
விரல் நுனியில் வெள்ளைப் பொடி.
அதுவும் படைப்பில் சேர்ந்ததுதானே,
எங்கே துடைப்பதென்று தெரியாமல்
விரலை நீட்டிப் பிடித்தபடியே
கூடம் முழுக்க நடந்தாள்.

இருபது கண்ணாடிகளிலும்
இருபது தடவை கடந்துபோனது
நீலச் சீருடையின் நடுப்பகுதி.
மூன்று தங்கிய, ஒன்று தங்காத வயிறு.
ஒரு பொத்தான் விட்டுப்போயிருந்தது.
அதைக் குறித்துக்கொள்ளக்
கை தன்னால் படிவத்தைத் தேடியது.

படிவம் மேசைமேல், இன்னும் அதே வரியில்.
கட்டங்களை விட்டுவிட்டு
விளிம்பில் எழுதினாள், பொடிந்த எழுத்தில்:
பழைய முறிவு. நிலையானது.
கனம் அதிகம்.
இரண்டு பேராகத் தூக்கவும்.